பெட்டியில் எழுதிய வேகத்தில் ரேம் நிலைக்கவில்லையா? புதியவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

புதிய கணினியைச் சேர்த்து முடித்து, பயாஸுக்குள் (கணினி எழும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) சென்று ரேமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ப்ரொஃபைலை இயக்கிய நாள் முதல் அவ்வப்போது நீலத்திரை வருகிறது, விளையாட்டின் நடுவே கணினி சொல்லாமல் கொள்ளாமல் மறுதொடக்கம் ஆகிறது, பிரௌசர் தாவல்கள் காரணமின்றி மூடிக்கொள்கின்றன என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. எனக்கு இது நேர்ந்தபோது ஏறத்தாழ ஒன்றரை மாதம் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். கிராஃபிக்ஸ் டிரைவரை நான்கு முறை மாற்றினேன். விண்டோஸை மூன்று முறை புதிதாக நிறுவினேன். நண்பரிடம் பவர் சப்ளையை இரவல் வாங்கிக்கூட மாற்றிப் பார்த்தேன். கடைசியில் உண்மையைக் காட்டிக்கொடுத்தது ஒரு ஜிப் கோப்பு. 18 ஜிபி அளவுள்ள அந்தக் கோப்பை விரித்தபோது நடுவில் ஒரு படத்தில் சிஆர்சி பிழை, அதாவது தரவின் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகவில்லை, என்று வந்தது. மறுபடி விரித்தேன், பிழை வேறொரு படத்துக்கு மாறியிருந்தது. மூன்றாம் முறை பிழையே இல்லை. டிஸ்கில் உள்ள கோப்பு கெட்டிருந்தால் பிழை ஒரே இடத்தில்தான் நிற்கும். அது இடம் மாறிக்கொண்டே போகிறது என்றால், டிஸ்கிலிருந்து சரியாகக் கிளம்பிய தரவு வழியில் எங்கோ கெடுகிறது என்று பொருள்.

கீழே இருப்பது நான் சென்ற வரிசை அன்று, சென்றிருக்க வேண்டிய வரிசை. காசு செலவில்லாதவற்றை முன்னும், செலவும் காத்திருப்பும் உள்ளவற்றைப் பின்னும் வைத்திருக்கிறேன்.

1. பெட்டியில் உள்ள எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

ரேம் பெட்டியில் 6000 என்று எழுதியிருந்தால், வாங்கியவுடன் அது 6000 வேகத்தில் ஓடாது. எந்த மதர்போர்டில் செருகினாலும் கணினி எழும்பவேண்டும் என்பதற்காக, ஜெடெக் என்னும் தர அமைப்பு வகுத்த பொது வேகத்தில்தான் அது முதலில் ஓடும். டிடிஆர்4 என்னும் முந்தைய தலைமுறை ஸ்டிக்குகளுக்கு அது 1.2 வோல்ட்டில் 2133 முதல் 3200 வரை. அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ஸ்டிக்குகளுக்குப் பெரும்பாலும் 1.1 வோல்ட்டில் 4800 அல்லது 5600. பெட்டியில் அச்சிட்ட வேகம் வேண்டுமென்றால், ஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும் ப்ரொஃபைலை நீங்கள் பயாஸில் இயக்கவேண்டும். இன்டெல் வகுத்த ப்ரொஃபைலுக்கு எக்ஸ்எம்பி என்றும், ஏஎம்டி வகுத்ததற்கு எக்ஸ்போ என்றும் பெயர். இயக்கியதும் வேகமும் மின்னழுத்தமும் உயரும், டைமிங்கும் (ஒவ்வொரு செயலுக்கும் ரேம் காத்திருக்கும் கிளாக் துடிப்புகளின் எண்ணிக்கை) சேர்ந்து மாறும்.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். அந்த எண்ணுக்கு உறுதி சொல்வது ரேம் தயாரிப்பாளர் மட்டும். ப்ராசஸருக்குள் இருந்து ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலரும், மதர்போர்டில் ஓடும் செப்புத் தடங்களும் அந்த உறுதிமொழியில் கையெழுத்திடவில்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குகளுக்கு 5200. நான்கு ஸ்டிக்குகள் செருகினால் 3600. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் உயர்ந்தவற்றுக்கு அது 5600. அதற்கு மேல் போவதெல்லாம் இரு நிறுவனங்களின் கணக்கிலும் ஓவர்கிளாக்கிங்தான், அதாவது உறுதி தந்த அளவை மீறி ஓட்டுவதுதான். ஆகவே பெட்டி வேகத்தில் பிழை வந்தால் ரேம் பழுது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மூவரில் யார் தளர்கிறார் என்று கண்டுபிடிப்பதே இனி வரும் வேலை.

ஒரு சிறு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 6000 என்பது விநாடிக்கு எத்தனை மில்லியன் முறை தரவு கைமாறுகிறது என்பதன் கணக்கு. ஒரு கிளாக் துடிப்புக்கு இருமுறை கைமாறுவதால் உண்மையான கிளாக் 3000 மெகாஹெர்ட்ஸ்தான். சிபியு-இசட் போன்ற மென்பொருள் 3000 என்று காட்டினால் பதறவேண்டாம். பாதி வேகத்தில் ஓடவில்லை, சரியாகத்தான் ஓடுகிறது.

2. கை வைக்கும் முன் நான்கு ஆவணங்களைச் சேர்த்துவையுங்கள்

முதலாவது, வாங்கிய ரசீது. அதில் திருப்பித்தரும் கெடு எந்த நாளில் முடிகிறது என்று பார்த்து, நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் திருப்பித்தருவது நாள்கணக்கில் முடியும். தயாரிப்பாளரின் வாரண்டி வழியே போனால் வாரக்கணக்கில் இழுக்கும். நான் டிரைவரை மாற்றிக்கொண்டிருந்த ஒன்றரை மாதத்தில் அந்தக் கெடு ஓசையின்றிக் கடந்து போயிருந்தது.

இரண்டாவது, ஒவ்வொரு ஸ்டிக்கின் ஸ்டிக்கரையும், அதில் உள்ள மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் படிக்கும்படி, இரு முறை படமெடுத்து வையுங்கள். பின்னால் எந்த ஸ்டிக் எது என்று குழம்பாமல் இருக்க, பென்சிலால் ஓர் ஓரத்தில் அ, ஆ என்று எழுதிய சிறு காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் படமெடுப்பது நல்லது. ஸ்டிக்கரைக் கிழிக்கவோ ஹீட் ஸ்ப்ரெடரை (ஸ்டிக்கின் மேலுள்ள உலோக உறை) கழற்றவோ கூடாது. இரண்டுமே வாரண்டியை முறிக்கும்.

மூன்றாவது, பிட்லாக்கர் மீட்புச் சாவி. இதை எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விண்டோஸ் உங்கள் டிஸ்கைத் தானாகவே பிட்லாக்கரால் பூட்டியிருக்கலாம். பயாஸைப் புதுப்பித்த பிறகோ, அமைப்புகளை அழித்த பிறகோ, கணினி எழும்போது 48 இலக்கச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். சாவி இல்லையென்றால் தரவும் இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பார்த்து, காகிதத்தில் எழுதி வையுங்கள்.

நான்காவது, ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, மாற்றிய ஒரே ஒரு அமைப்பு, சோதித்த நேரம், விளைவு என்று நான்கு பத்திகள் போதும். ஒரே நேரத்தில் இரண்டு அமைப்புகளை மாற்றி, கணினி சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் எதைத் திருப்புவது என்றும் தெரியாது.

இவற்றோடு முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்கில் பிரதி எடுக்கவேண்டும். ஆனால் ப்ரொஃபைல் இயங்கிக்கொண்டிருக்கும்போது எடுக்காதீர்கள். கெட்ட ரேம் வழியே போகும் பிரதியும் கெட்டுப்போகக்கூடும். அடுத்த படியில் சொல்வதுபோல் ப்ரொஃபைலை அணைத்த பிறகு எடுங்கள்.

3. ப்ரொஃபைலை அணைத்து, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்

பயாஸில் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ் என்பதைத் தேர்ந்து சேமியுங்கள். ரேம் ஜெடெக் வேகத்துக்கு இறங்கிவிடும். இந்த நிலையில் எந்தத் தொல்லையும் இல்லாமல், ப்ரொஃபைலை இயக்கினால் மட்டும் தொல்லை திரும்ப வந்தால், ஐயம் ரேம் வேகத்தின் மேல் உறுதியாக விழுகிறது. டிஃபால்ட் வேகத்திலும் பிழை வந்தால் அது வேறு கதை: ரேம் ஸ்டிக்கே பழுதாக இருக்கலாம், அல்லது குற்றவாளி ரேமாகவே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் 5-ஆம் படியையும் 6-ஆம் படியையும் டிஃபால்ட் வேகத்திலேயே செய்யுங்கள்.

ஒரு பொறியை இங்கே எச்சரிக்கவேண்டும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்களில் மின்னழுத்தம் அளவு மீறியதால் சில்லு மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும் கோளாறு இருந்தது. அதைத் தடுக்கும் மைக்ரோகோடை (பயாஸ் வழியே ப்ராசஸருக்குப் போகும் திருத்தம்) இன்டெல் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அதன் அறிகுறிகள் ரேம் கோளாறைப் போலவே தோன்றும். விளையாட்டு தொடங்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்ற பொருந்தாத பிழைச் செய்தி வருவது அதன் பேர்போன அடையாளம். உங்களிடம் அந்தத் தலைமுறை இருந்தால் முதலில் பயாஸைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு ரேமைச் சோதியுங்கள்.

4. இலவசமாகச் சரியாகக்கூடியவற்றை முதலில் சரிபாருங்கள்

கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கேஸின் உலோகத்தை ஒரு முறை தொட்டுவிட்டுத் திறவுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு ஸ்டிக்குகள் மட்டும் இருந்தால், அவை ப்ராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்கவேண்டும். அநேகமாக எல்லா மதர்போர்டுகளிலும் இதுவே விதி. கையேட்டில் ஏ2, பி2 என்று குறித்திருப்பார்கள். முதலாவது, மூன்றாவது ஸ்லாட்டில் செருகினாலும் கணினி எழும்பும், ஆனால் காலியாக விடப்பட்ட தொலைவு ஸ்லாட்டில் போய் மோதித் திரும்பும் சமிக்ஞை உயர்ந்த வேகத்தில் தொல்லை தரும். எழும்புகிறதே என்று திருப்தியடைந்துவிடுவதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

ஸ்டிக்கை வெளியே எடுத்து, தங்க நிறத் தொடுமுனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில்லாத துணியால் துடைத்து, காயவிட்டு, இரு முனையிலும் சமமாக அழுத்திச் செருகுங்கள். பல மதர்போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே பூட்டு இருக்கும். பூட்டில்லாத பக்கம் ஒரு மயிரிழை மேலே நிற்பதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம் என்பதால் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

ப்ராசஸர் கூலரின் திருகுகளையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் சாக்கெட்டில் ப்ராசஸர் சாய்ந்து, மெமரிக்குரிய தொடுமுனைகள் சரியாகப் பதியாமல் போகும். ஒரு ஸ்டிக் திடீரென்று காணாமல் போவதும், ஒரு சேனல் (ப்ராசஸரிலிருந்து ரேமுக்குச் செல்லும் இரு பாதைகளில் ஒன்று) மட்டும் பிழை தருவதும் இதனால் நிகழும். குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, குறுக்காகவே மறுபடி இறுக்குங்கள்.

இரண்டு தனித்தனிப் பெட்டிகளில் வாங்கிய ஸ்டிக்குகளைச் சேர்த்துப் போட்டிருந்தால், சோதனை முடியும்வரை ஒரு பெட்டியை வெளியே எடுத்து வையுங்கள். என் சிக்கலின் வேர் அங்கேதான் இருந்தது. 8-ஆம் படியில் அதைச் சொல்கிறேன்.

பிறகு பயாஸ். மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய புதிய பயாஸின் குறிப்புகளில் மெமரி காம்பாட்டிபிலிட்டி மேம்பாடு என்று இருந்தால், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும் வாய்ப்பு உண்டு. டிடிஆர்5 வந்த தொடக்கத்தில் 6000-இல் தள்ளாடிய பல போர்டுகள் பிந்தைய பயாஸில் நிலைபெற்றன. பயாஸைப் புதுப்பிக்கும்போது ப்ரொஃபைல் அணைந்திருக்கவேண்டும். நிலையற்ற ரேம் வழியே பயாஸ் கோப்பை எழுதுவது, ஆடும் ஏணியில் நின்று விளக்கு மாட்டுவது போன்றது.

புதுப்பித்த பிறகு முதல் முறை கணினியை இயக்கும்போது திரை கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 கணினிகள் அப்போது மெமரி டிரெய்னிங் செய்கின்றன, அதாவது ஒவ்வொரு சமிக்ஞைக்கும் சரியான நேரத்தையும் மின்னழுத்தத்தையும் தேடுகின்றன. சில நிமிடங்கள் ஆகும். கொள்ளளவு பெரிதாக இருந்தால் கால் மணி நேரம்வரைகூட ஆகலாம். செத்துப்போய்விட்டது என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்தினால் டிரெய்னிங் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். போர்டில் டிராம் என்ற சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது வேலை செய்கிறது என்று அறிந்து, தேநீர் போடப் போய்விடுங்கள்.

5. முறையாகச் சோதியுங்கள், இதற்கு ஓர் இரவு ஒதுக்குங்கள்

விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் மிக மேலோட்டமானது. அது பிழை காட்டினால் நம்பலாம். பிழையில்லை என்று சொன்னால் நம்பக்கூடாது. என்னுடைய ஸ்டிக்குகளை அது மூன்று முறை நற்சான்றிதழ் கொடுத்து அனுப்பியது.

முதல் சோதனைக்கு மெம்டெஸ்ட்86 அல்லது திறந்த மூலத்தில் கிடைக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் போதும். பெயர் ஒத்திருந்தாலும் இரண்டும் வெவ்வேறு மென்பொருள். இரண்டும் யுஎஸ்பி டிரைவிலிருந்து நேரடியாக எழும்புபவை. விண்டோஸுக்குள் இல்லாமல் ஓடுவதால், சோதனை நடக்கும்போது உங்கள் கோப்புகள் கெடும் அபாயமும் இல்லை. மெம்டெஸ்ட்86-இன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றுகளோடு நின்றுவிடும். 32 ஜிபி ரேமுக்கு அது சில மணி நேரம் எடுக்கும், 64 ஜிபி என்றால் இரவு முழுவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பிழை வரை பரவாயில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில்: ஒன்றுகூடக் கூடாது.

முதல் சுற்றில் பிழையில்லை என்றதும் நிறுத்திவிடாதீர்கள். என் நோட்டில் அந்த இரவின் பதிவு இப்படி இருக்கிறது: 10.40-க்குத் தொடங்கியது, 12.15 வரை பிழை இல்லை, 1.52-க்கு ஒரு சிவப்பு வரி. எழுதிய எண்ணும் திரும்பப் படித்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பதினாறு எழுத்துகளில் கடைசி எழுத்து மட்டும் வேறாக இருந்தது. ஒரே ஒரு பிட். ஒன்றரை மாதமாக என்னைப் பாடாய்ப்படுத்தியது அவ்வளவுதான் என்று நினைக்க வியப்பாகவும் கோபமாகவும் இருந்தது.

இந்தச் சோதனையில் தேறினாலும் இன்னொன்று தேவை. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், ப்ராசஸரும் முழு மூச்சில் உழைக்காது; ஆகவே கணினியின் உள்ளே வெப்பம் குறைவு. மெமரி கன்ட்ரோலரின் தளர்ச்சி இதில் வெளிப்படாமல் போகலாம். விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5, ஓசிசிடி, ப்ரைம்95-இன் லார்ஜ் எஃப்எஃப்டி, ஒய்-க்ரஞ்சர் ஆகியவற்றில் இரண்டையாவது தலா இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். இவற்றை இலவசமாகவே பயன்படுத்தலாம். கார்ஹு என்ற கட்டண மென்பொருள் பிழையை விரைவாகப் பிடிக்கும் என்று பெயர் பெற்றது. நேரத்தை மதிப்பவர் வாங்கலாம், கட்டாயமில்லை.

டிடிஆர்5-இல் பிழைதிருத்தும் ஈசிசி உள்ளேயே இருக்கிறதே, பிறகு எப்படிப் பிழை வரும் என்று கேட்கலாம். அது சில்லின் உள்ளே சேமித்திருக்கும் பிட்டுகளை மட்டுமே திருத்தும். சில்லிலிருந்து ப்ராசஸர் வரை தரவு ஓடும் பாதைக்கு அதில் காவல் இல்லை. வேகத்தை ஏற்றும்போது முதலில் தடுமாறுவது அந்தப் பாதைதான்.

6. ஸ்டிக்கா, ஸ்லாட்டா, கன்ட்ரோலரா என்று பிரித்தறியுங்கள்

ப்ரொஃபைலை இயக்கியபடியே ஸ்டிக் அ-வை மட்டும் ஏ2 ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். பிறகு ஸ்டிக் ஆ-வை மட்டும் அதே ஸ்லாட்டில். ஒன்று தேறி மற்றது தோற்றால், தோற்றதை பி2-வில் போட்டு இன்னொரு முறை பாருங்கள். பிழை ஸ்டிக்கோடு போனால் ஸ்டிக் பழுது. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால் மதர்போர்டு அல்லது சாக்கெட். தனித்தனியே இரண்டும் தேறி, சேர்த்துப் போட்டால் மட்டும் தோற்றால், சுமை கூடும்போது கன்ட்ரோலர் திணறுகிறது. இந்த மூன்றாவது நிலைதான் மிகப் பரவலானது. அதற்கு அடுத்த படி மருந்து. கணக்குப் பார்த்தால் இதற்கு மூன்று நான்கு இரவுகள் ஆகும். பொறுமையாகச் செய்யுங்கள், வாரண்டி கேட்கும்போது இந்தப் பதிவுகள்தான் உங்கள் பக்கம் பேசும்.

7. அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

முதலில் வேகத்தைக் குறையுங்கள். ப்ரொஃபைலின் டைமிங்கையும் மின்னழுத்தத்தையும் அப்படியே விட்டு, 6000-ஐ 5800 ஆக்கிப் பாருங்கள், பிறகு 5600. 5600-இல் இரவு முழுவதும் பிழையின்றி ஓடினால், உங்கள் ஸ்டிக்குகள் அநேகமாக நலம். எல்லை வேறெங்கோ இருக்கிறது. அன்றாட வேலையில் இந்த வேறுபாட்டை உங்கள் கண் உணராது. பலர் இங்கேயே நிறுத்திவிடலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பெட்டி வேகமே வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள்.

இரண்டாவது, கன்ட்ரோலரின் விகிதம். ஏஎம்5 (ரைசன் 7000 போன்றவை அமரும் சாக்கெட்) கணினிகளில் மெமரி கன்ட்ரோலரும் ரேமும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஓடுவது பெரும்பாலான ப்ராசஸர்களில் 6000 வரை எளிது; 6400-இல் சில தேறும், சில தேறா. அதற்கு மேல் கன்ட்ரோலர் ரேமின் பாதி வேகத்தில் ஓடவேண்டியிருக்கும். டிடிஆர்4 உள்ள ரைசனில் ப்ராசஸரின் உட்பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் கிளாக் ரேம் வேகத்தின் பாதியாக இருக்கவேண்டும். 3600 ரேமுக்கு 1800. அந்த 1800 நிற்காத ப்ராசஸர்கள் உண்டு, அதற்கு ரேமைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. டிடிஆர்4 உள்ள இன்டெல் போர்டுகளில் கியர் 1-இல் (கன்ட்ரோலரும் ரேமும் ஒரே வேகம்) தோற்பது கியர் 2-இல் (கன்ட்ரோலர் பாதி வேகம்) நிலைக்கக்கூடும்.

மூன்றாவது, கமாண்ட் ரேட்டை (ரேமுக்குக் கட்டளை அனுப்ப எடுத்துக்கொள்ளும் கிளாக் துடிப்புகள்) 1டி-யிலிருந்து 2டி-க்கு மாற்றுவது. இழப்பு மிகச் சிறிது. நிலைத்தன்மையில் கிடைக்கும் ஆதாயம் சில வேளைகளில் பெரிது. ஏஎம்5 போர்டுகளில் மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர் என்ற அமைப்பு, பழைய டிரெய்னிங்கை நினைவில் வைத்துக்கொண்டு விரைவாக எழும்ப உதவும். சோதனைக் காலத்தில் அதை அணைத்துவையுங்கள். ஒவ்வொரு முறை எழும்பவும் கூடுதல் நேரம் ஆகும், ஆனால் நேற்றைய தவறான டிரெய்னிங் இன்றைய சோதனையைக் கெடுக்காது.

நான்காவதாகத்தான் மின்னழுத்தம். இதை முதலில் தொடாதீர்கள். ப்ரொஃபைல் 1.35 வோல்ட் கேட்டால், போர்டு உண்மையிலேயே 1.35 தருகிறதா என்று ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்துவிட்டு, 0.02 வோல்ட் வீதம் ஏற்றி 1.40-க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏஎம்5-இல் எஸ்ஓசி மின்னழுத்தம் (ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போவது) எக்காரணம் கொண்டும் 1.30-ஐத் தாண்டக்கூடாது; 2023-இல் சில ப்ராசஸர்கள் சாக்கெட்டிலேயே கருகியதற்குப் பிறகு ஏஎம்டி அந்த வரம்பை பயாஸிலேயே வைக்கச் செய்தது. பழைய பயாஸ் இருப்பவர்கள் ப்ரொஃபைலை இயக்கும் முன்பே புதுப்பித்துவிடவேண்டியது இதனால்தான். மின்னழுத்தத்தைக் கூட்டினால் நிலைத்தன்மையும் கூடும் என்பது எப்போதும் உண்மையன்று. எஸ்ஓசி அல்லது இன்டெலின் சிஸ்டம் ஏஜென்ட் மின்னழுத்தத்தைப் போர்டு தானாகவே அளவுக்கு மீறி ஏற்றியிருந்து, அதை இறக்கியதும் பிழை நின்ற கணினிகளும் உண்டு.

ஐந்தாவது, வெப்பம். டிடிஆர்5 ஸ்டிக்கில் வெப்பமானி இருக்கிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ அதைக் காட்டும். தர அமைப்பின் கணக்கில் 85 டிகிரி வரை இயல்பு. ஆனால் ப்ரொஃபைல் வேகத்தில் அந்த மெத்தனம் உதவாது. 60 டிகிரிக்கு அருகிலேயே பிழை தரத் தொடங்கும் ஸ்டிக்குகள் உண்டு. மெம்டெஸ்டில் தேறி, ஒரு மணி நேரம் விளையாடியபின் மட்டும் கணினி விழுந்தால், கிராஃபிக்ஸ் கார்டின் சூடான காற்று ஸ்டிக்குகளின் மேல் வீசுகிறதா என்று பாருங்கள். ஒரு சிறு விசிறியைத் தற்காலிகமாக அவற்றின் பக்கம் திருப்பிவைத்துச் சோதித்தால் பத்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

இவற்றில் ஏதாவது ஒரு மாற்றத்தால் கணினி எழும்பாமலே போனால், சில முறை தானாக முயன்றபின் பெரும்பாலான போர்டுகள் டிஃபால்ட்டுக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கையேட்டில் காட்டியுள்ள கிளியர் சிமாஸ் முனைகளை இணையுங்கள், அல்லது நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள்.

8. நான்கு ஸ்டிக்குகள் என்னும் பொறி

நான் முதலில் 6000 வேக ஸ்டிக்குகள் இரண்டு வாங்கினேன். எட்டு மாதம் கழித்து, கொள்ளளவு போதாமல், அதே மாடல் எண்ணுள்ள இன்னொரு இணையை வாங்கிச் செருகினேன். மாடல் எண் ஒன்றானால் உள்ளேயும் ஒன்று என்று நம்பினேன். அப்படி இல்லை. ஒரே மாடல் எண்ணின் கீழ் தயாரிப்பாளர்கள் காலப்போக்கில் சில்லை மாற்றுவது வழக்கம். ஸ்டிக்கில் பதிந்த விவரங்களைக் காட்டும் சிபியு-இசட்டின் எஸ்பிடி பக்கத்தில் பார்த்தபோது பழைய இணையில் ஹைனிக்ஸ் சில்லும், புதிய இணையில் சாம்சங் சில்லும் இருந்தன. சில்லு ஒன்றாகவே இருந்திருந்தாலும் நான்கு ஸ்டிக்குகளுக்கு அதிகாரபூர்வ எல்லை 3600 என்பதை நான் படித்திருக்கவில்லை. நான்கும் சேர்ந்து 6000-இல் எழும்பின, நாள்கணக்கில் ஓடவும் ஓடின. அதனால்தான் ரேமின் மேல் எனக்கு ஐயமே எழவில்லை.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு மூன்று வழிகள்தான். நான்கையும் வைத்துக்கொண்டு வேகத்தை 4800 அல்லது அதற்கும் கீழே இறக்குவது. இரண்டை மட்டும் வைத்துப் பெட்டி வேகத்தில் ஓட்டுவது. நான்கையும் விற்றுவிட்டு, தேவையான கொள்ளளவை இரண்டே ஸ்டிக்குகளில், ஒரே பெட்டியில் வாங்குவது. மூன்றாவது செலவு மிகுந்தது, ஆனால் மறுபடி இரவுகளைத் தின்னாது. புதிதாக வாங்கும் முன் மதர்போர்டு தயாரிப்பாளர் சோதித்து ஏற்ற ரேம்களின் க்யூவிஎல் பட்டியலில் அந்த மாடல் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், எத்தனை ஸ்டிக்குகளுக்கு என்ற பத்தியையும் பாருங்கள். இரண்டுக்கு மட்டும் குறியிட்டு, நான்குக்குக் காலியாக விட்டிருப்பார்கள்.

9. வாரண்டிக்கு அனுப்புவது எப்படி

ஸ்டிக்தான் பழுது என்று 6-ஆம் படியில் உறுதியானால் மட்டும் இதற்கு வாருங்கள். டிஃபால்ட் வேகத்திலேயே பிழை வந்திருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். ப்ரொஃபைல் வேகத்தில் மட்டும் பிழை என்றால், வேறு மதர்போர்டில் சோதித்தீர்களா என்று கேட்பார்கள். இயன்றால் நண்பரின் கணினியில் ஓர் இரவு சோதித்துப் படமெடுத்து வையுங்கள். ரசீது, சீரியல் எண் படங்கள், மெம்டெஸ்ட் பிழைத் திரையின் படம், மதர்போர்டு மாடல், பயாஸ் பதிப்பு எண், ப்ராசஸர் பெயர் ஆகியவற்றை முதல் கடிதத்திலேயே இணைத்துவிட்டால், கேள்வி பதில் என்று போகும் ஒரு வாரம் மிச்சம்.

இணையாக வாங்கியதை இணையாகவே அனுப்பவேண்டும். பழுதில்லாத ஸ்டிக்கையும் சேர்த்துத்தான். பல தயாரிப்பாளர்கள் ரேமுக்கு ஆயுட்கால வாரண்டி தருகிறார்கள், ஆனால் அனுப்பும் செலவு பெரும்பாலும் உங்களுடையது, திருப்பி அனுப்பும் செலவு அவர்களுடையது. வந்த பிளாஸ்டிக் உறையிலேயே வைத்து, நிலைமின் தடுப்புப் பையில் போட்டு, கெட்டியான அட்டைப் பெட்டியில் அனுப்புங்கள். வெறும் காகித உறையில் போட்டால் வழியில் உடைந்தது உங்கள் கணக்கில் எழுதப்படும். மாற்று வரும்வரை கணினி சும்மா கிடக்கவேண்டாம் என்றால், ஒரே ஒரு ஸ்டிக்கை இரவல் வாங்கிக்கொள்ள இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

மாற்றாக வரும் ஸ்டிக்குகளையும் நம்பிச் செருகிவிட்டு வேலையைத் தொடங்கவேண்டாம். சீரியல் எண்ணைப் படமெடுத்து, டிஃபால்ட் வேகத்தில் ஓர் இரவு, ப்ரொஃபைல் வேகத்தில் ஓர் இரவு என்று 5-ஆம் படியை மறுபடி செய்யுங்கள். அது தேறிய பிறகு, பிழை இருந்த காலத்தில் விண்டோஸ் எழுதிக்கொண்ட கோப்புகளில் கெட்டவை இருக்கக்கூடும் என்பதால், விண்டோஸிலேயே உள்ள சிஸ்டம் ஃபைல் செக்கரை ஒரு முறை ஓட்டுங்கள்; நான் அதை ஓட்டியபோது கெட்டிருந்த கோப்புகளைச் சரிசெய்ததாக அறிவித்தது. சொந்தப் படங்களையும் ஆவணங்களையும் அது பார்ப்பதில்லை. அந்த மாதங்களில் நகல் எடுத்த கோப்புகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியது நீங்கள்தான், ஆகவே மூலத்தை அதுவரை அழிக்காதீர்கள்.